வாக்கு இல்லாத வீடு

முதலில் ஒரு விடுகதை. இருபத்தொன்பது பேரோடு ஒன்றாக உட்கார்ந்து காய் பிரிப்பாள். முப்பதாவது ஆளாகச் சேர்க்கலாமா என்று கேட்டால் கூடாது என்பார்கள். அந்த இருபத்தொன்பது பேருக்கும் வேலை சொல்வாள். அப்படியானால் முதலாளியா என்று கேட்டால் அதுவும் இல்லை என்பார்கள். அவள் யார்?

யோசித்துக்கொண்டே படியுங்கள். இந்த விடுகதைக்கு விடை தேடுவதுதான் இருபது வருடம் என் பிழைப்பு. ஒரு தொழிற்கூடத்தில் இரண்டு சங்கங்கள் இருக்கும். தொழிலாளர் சார்பில் எந்தச் சங்கம் பேசுவது என்று தகராறு வரும். இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்டு எங்கள் அலுவலகத்தைக் கேட்டால், நாங்கள் போய் ரகசிய வாக்கெடுப்பு நடத்துவோம். அதற்கு வாக்காளர் பட்டியல் எழுதுவது என் வேலை. தொழிலாளிக்கு வாக்கு உண்டு, மேற்பார்வையாளருக்குக் கிடையாது. விதி இவ்வளவுதான். ரேஷன் கார்டுக்கோ, மக்கள்தொகைக் கணக்குக்கோ, பள்ளிக்கூடத்துச் சத்துணவுக்கோ ஒரு தடவையாவது பெயர்ப்பட்டியல் எழுதியவர்களுக்கு என் கஷ்டம் சொல்லாமலே புரியும். கோடு கிழிப்பது சுலபம். ஆளைக் கோட்டுக்கு எந்தப் பக்கம் நிறுத்துவது என்பதில்தான் தூக்கம் போகும்.

எழுபதுகளின் கடைசியில் ஜவ்வாது மலையில் எனக்குத் தூக்கம் போன கதை இது.

காக்கிக் கோட்டு

காவலூர் போகிற பஸ்ஸில் பாதி வழியில் இறங்கி ஒரு மைல் நடந்தால் அந்தக் கடுக்காய்க் கிடங்கு வரும். காட்டில் பொறுக்கிய கடுக்காயைக் களத்தில் காயவைத்து, தரம் பிரித்து, மூட்டை கட்டி, தோல் பதனிடும் ஊர்களுக்குக் கீழே அனுப்புவார்கள். நூற்றுப் பதினேழு பேர், நான்கு செட்டாக வேலை செய்தார்கள். எல்லோரும் சுற்றியுள்ள மலைக்கிராமத்து மக்கள். சங்கங்களில் ஒன்றின் சின்னம் முறம். அது மேனேஜருக்கு வேண்டிய சங்கம். இன்னொன்றின் சின்னம் கூடை. வெட்டவெளிக் களத்துக்குக் கூரை போடச் சொல்லிக் கேட்டுவந்த சங்கம்.

மேனேஜர் கலசப்பாக்கத்துப் பக்கத்துக்காரர். மரியாதை தெரிந்த மனிதர். பள்ளிக்கூட லீவு நாட்களில் அவருடைய ஆறு வயது மகள் கீழேயிருந்து வந்து மூட்டைகள் மேல் ஏறிக் குதித்துக்கொண்டிருப்பாள். அவளை ஒரு கண்ணால் பார்த்தபடியே எனக்குக் காபி கொடுத்தார். செட்டுக்கு ஒருவராக நான்கு சூப்பர்வைசர்கள் உண்டு என்றும், கம்பெனியே அவர்களுக்குக் காக்கிக் கோட்டு தைத்துக் கொடுத்திருக்கிறது என்றும், கோட்டு போட்டவர்களை மட்டும் பட்டியலில் அடித்துவிட்டால் வேலை முடிந்தது என்றும் சொன்னார். இவ்வளவு தெளிவான தொழிற்கூடத்தை நான் பார்த்ததே இல்லை. களத்துக்குப் போய், கோட்டு போட்ட நான்கு பேரின் பெயரையும் எழுதிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் அதே நான்கு கோட்டுகளுக்குள் வேறு நான்கு பேர் இருந்தார்கள். ஒரு கோட்டுக்குள் தாயோடு சேர்ந்து கைக்குழந்தையும் தூங்கிக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் அந்த நான்கு பேரும் மாறியிருந்தார்கள். முதல் நாள் கோட்டு போட்டிருந்த சடையனைத் தேடிப் பிடித்து, உன் கோட்டு எங்கே என்று கேட்டேன். தை மாதப் பனியில் வெறும் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தவர், நான் கேட்டது புரியாமல் என்னைப் பார்த்தார்.

"வாடக் காத்து அடிக்கிற பக்கம் யாரு குந்தறாங்களோ அவுங்களுக்குத்தான சார் கோட்டு. அன்னிக்கி நான் குந்தினேன், இன்னிக்கி அவ குந்திகினு கீறா."

இருபத்தொன்பது கைகள்

கோட்டை நம்பிப் பயனில்லை என்று பதிவேட்டுக்குப் போனேன். அதில் நான்கு சூப்பர்வைசர்களின் பெயரும் மேஸ்திரி என்ற பட்டத்தோடு தெளிவாக இருந்தது. சரிபார்ப்பதற்காக முதல் செட்டைக் கூப்பிட்டு, உங்களில் மேஸ்திரி யார், கை தூக்குங்கள் என்றேன். இருபத்தொன்பது கைகள் உயர்ந்தன. கேள்வி புரியவில்லை என்று நினைத்து, சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல நிறுத்தி நிதானமாக இன்னொரு தடவை கேட்டேன். அதே இருபத்தொன்பது கைகள். இரண்டாவது செட்டிலும் மூன்றாவது செட்டிலும் இதுவே நடந்தது.

விசாரித்ததில் விஷயம் வெளியே வந்தது. மலையில் சாமைக் கொல்லை விளைந்தால் பன்றிக்கும் கிளிக்கும் காவல் இருக்க வேண்டும். காவல் இருக்கிறவர் தன் வேலையைப் பார்க்க முடியாது. அதனால் வீட்டுக்கு ஒரு வாரம் என்று முறை வைத்துக்கொள்வார்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால் கம்பெனி, செட்டுக்கு ஒரு மேஸ்திரியைத் தேர்ந்தெடுங்கள் என்று சொன்னபோது, அதுவும் சும்மா நின்று பார்க்கிற வேலைதானே என்று, அதையும் முறையில் சேர்த்துவிட்டார்கள். பதிவேட்டில் இருந்தது முதல் வாரக்காரரின் பெயர். எழுதியவர் அதற்குப் பிறகு களத்துப் பக்கம் தலை தூக்கிப் பார்க்கவில்லை.

விதிப்படி பார்த்தால் எல்லோருமே ஏதோ ஒரு வாரம் மேற்பார்வையாளர்கள். எல்லோரையும் அடித்தால் வாக்குப் பெட்டி மட்டும்தான் மிஞ்சும். வேலூரிலிருந்து மலையேறி வந்த என் அதிகாரி நான் எழுதியதை இரண்டு தடவை படித்தார். முறை வைத்துச் செய்கிறவர்கள் அத்தனை பேரும் தொழிலாளர்களே என்று கையெழுத்துப் போட்டார். பிறகு, மேஸ்திரியாகவே இருந்துவிடலாம் என்று உங்களில் ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லையா என்று சடையனைக் கேட்டார்.

"ஒரே ஆளு எப்பவும் நின்னுகினே இருந்தா, அவனுக்குக் கால் நோவாதா சார்?"

பேசுகிற காய்

நான்காவது செட்டில் மட்டும் ஒரு கையும் உயரவில்லை. எல்லோரும் திரும்பி ஒருத்தியைப் பார்த்தார்கள். அவள்தான் குப்பம்மாள். முப்பத்தைந்து வயதிருக்கும். அந்தச் செட்டின் வேலை தரம் பிரிப்பது. அதில் முறை வைக்க முடியவில்லை. குப்பம்மாள் செய்ததை வேறு யாராலும் செய்ய முடியாததுதான் காரணம். எந்தக் குவியலை யார் பிரிப்பது என்று அவள்தான் சொல்வாள்.

அவள் கடுக்காயைக் கண்ணால் பார்க்கமாட்டாள். இரண்டு காயை எடுத்து ஒன்றோடொன்று தட்டுவாள். ஒன்று வலப்பக்கக் குவியலுக்குப் போகும், இன்னொன்று இடப்பக்கக் குவியலுக்குப் போகும். பேச்சு பாட்டுக்குப் பேச்சு நடக்கும், கை பாட்டுக்குக் கை நடக்கும். எனக்குச் சந்தேகம். நானே மூட்டைக்குள் கைவிட்டு, பார்வைக்கு ஒன்றுபோல இருந்த எட்டுக் காய்களை எடுத்துக் கொடுத்தேன். தட்டிப் பார்த்து மூன்றை ஒதுக்கினாள். எட்டையும் கல்லில் வைத்து உடைத்தேன். அவள் ஒதுக்கிய மூன்றில் மட்டும் உள்ளே பூச்சி அரித்த தூள். உடைத்த காய்களைக் கையில் வைத்துக்கொண்டு நான் நின்றதைப் பார்த்து அவளுக்கு என்மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும்.

"பூச்சி பூந்த காய் பேசாது சார். நல்ல காய்தான் பேசும்."

மூன்று கேள்விகள்

ஆக, நூற்றுப் பதினாறு பேருக்கு வாக்கு உண்டு என்று முடிந்துபோனது. குப்பம்மாள் ஒருத்தி மிஞ்சினாள். அவள் மேற்பார்வையாளர்தான் என்று மேனேஜர் எழுதிக் கொடுத்தார். அவள் தொழிலாளிதான் என்று கூடைச் சங்கத்தின் செயலாளர் துரைசாமி எழுதிக் கொடுத்தார். துரைசாமி போளூர்க்காரர், வெயில் இல்லாத நாளிலும் குடையோடு வருவார்.

இந்த மாதிரி நேரத்தில் கேட்பதற்கென்று என் அதிகாரியிடம் மூன்று கேள்விகள் உண்டு. கையால் வேலை செய்கிறாரா? ஆளை வேலையை விட்டு அனுப்புகிறாரா? விடுப்பு கொடுக்கிறாரா? முதல் கேள்விக்குப் பதில் தேவைப்படவில்லை. கடுக்காய்க் கறை அவள் மணிக்கட்டு வரை ஏறியிருந்தது. இரண்டாவது கேள்விக்கு மேனேஜர் ஆதாரம் வைத்திருந்தார். போன மாதம் ஒரு பெண்ணைக் குப்பம்மாள் வேலையிலிருந்து அனுப்பிவிட்டதாகப் பதிவேட்டில் இருந்தது. அந்தப் பெண்ணையே கூப்பிட்டுக் கேட்டோம். காய்ச்சலில் நடுங்கிக்கொண்டிருந்தவளைக் குப்பம்மாள் கோட்டைப் போர்த்தி வீட்டுக்கு அனுப்பியிருக்கிறாள். அவள் பங்குக் காயையும் செட்டே பிரித்து முடித்திருக்கிறது.

மூன்றாவது கேள்வியை அதிகாரி அழுத்திக் கேட்டார். ஆட்களுக்கு லீவு கொடுப்பது நீதானா என்றார். குப்பம்மாள் மேனேஜரையும் பார்த்தாள், துரைசாமியையும் பார்த்தாள். இவ்வளவு படித்தவர்கள் கூடி இதைக் கேட்கிறார்களே என்ற ஆச்சரியம் அவள் முகத்தில் இருந்தது.

"காச்ச வந்தா காச்ச குடுக்குது. வூட்ல சாவு வுழுந்தா சாவு குடுக்குது. நடுவுல நான் யாருங்க சார் குடுக்கறதுக்கு?"

முப்பத்தொன்றாவது வரி

கிடங்கை ஒட்டி ஓடு போட்ட ஓர் அறை பூட்டிக் கிடந்தது. சூப்பர்வைசர் என்று ஒப்புக்கொண்டு கையெழுத்து வைத்தால் அந்த வீடு உனக்கு என்று மேனேஜர் குப்பம்மாளிடம் சொல்லியிருந்தார். அவள் தினமும் இரண்டு மணி நேரம் ஏறி இறங்கி நடந்து வருகிறவள். வீடு வேண்டாம் என்று அவள் எங்களிடம் பொய் சொல்லவில்லை. வீடு வேண்டும், ஆனால் அதில் உட்கார்ந்துகொண்டு களத்தில் இருக்கிறவர்களைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமென்றால் வேண்டாம் என்றாள். ஓட்டுப் போடுகிற அன்று எல்லோரும் உள்ளே போகும்போது தான் மட்டும் வெளியே நிற்க முடியாது என்றாள். விசாரணை நடந்த இரண்டு மாதமும் அவள் கேட்டது இது ஒன்றுதான்.

அவளுக்கு எழுத்துத் தெரியாது. நான் மலைக்குப் போகும்போதெல்லாம் வந்து, பட்டியலில் தன் பெயர் எங்கே என்று கேட்பாள். முப்பத்தொன்றாவது வரியைக் காட்டுவேன். பக்கத்தில் 'முடிவாகவில்லை' என்று பென்சிலில் எழுதியிருப்பேன். அதையும் படித்துக் காட்டச் சொல்வாள். பெயர்மேல் விரலை வைத்துக் கொஞ்ச நேரம் பார்ப்பாள், போவாள். கடைசிப் பட்டியலை நான் கிராம வாரியாக மாற்றி எழுதினேன். அவள் பெயர் எண்பத்தெட்டாவது வரிக்குப் போய்விட்டது. சொல்ல மறந்துவிட்டேன். அவள் வந்தாள், நான் வாயைத் திறப்பதற்குள் மூன்று பக்கத்தையும் புரட்டி, விரலை நேராக எண்பத்தெட்டாவது வரியில் வைத்தாள். எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டேன்.

"எடம் மாறினா ஆளு மாறிடுமா சார்?"

ஒட்டிய உறை

வாக்கெடுப்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதற்குள் குப்பம்மாள் விஷயத்தில் முடிவு எடுக்க எங்களால் முடியவில்லை; மேனேஜர் மேலும் மேலும் மனு கொடுத்துக்கொண்டே இருந்தார். அதனால் அதிகாரி ஒரு வழி செய்தார். அவளும் வாக்குப் போடட்டும். அவள் சீட்டை மட்டும் தனி உறையில் போட்டு ஒட்டி வைப்போம். எண்ணும்போது தேவைப்பட்டால் அவள் யாரென்று முடிவு செய்து பிரிப்போம் என்றார். எப்போதும் ஒரு சங்கம் பத்து இருபது வாக்கில் ஜெயிக்கும், இந்த மாதிரி உறை பிரிக்காமலே கோப்புக்குள் போய்விடும். எங்கள் அனுபவம் அப்படி.

காலையில் எட்டு மணிக்குள் நூற்றுப் பதினேழு பேரும் வந்துவிட்டார்கள். குளித்துவிட்டு வந்திருந்தார்கள். சிலர் பனியில் மூன்று மலைமுகடு தாண்டி வந்தவர்கள். கிடங்கு வாசலில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே போனார்கள். வாக்குப் போட்டவர்கள் வீட்டுக்குப் போகவில்லை. களத்தில் போய் வரிசையாக உட்கார்ந்தார்கள். கூழ்ப்பானைகள் மூடியே இருந்தன. ஊர்க்கூட்டத்தில் கடைசி வீட்டுக்காரர் தன் கருத்தை வாயால் சொல்லும்வரை யாரும் சாப்பிடமாட்டார்களாம். இரண்டு சங்கத்துக்காரர்களும் கலந்தே உட்கார்ந்திருந்தார்கள். நான் நகரத்து ஆலைகளில் எத்தனையோ வாக்கெடுப்பு நடத்தியிருக்கிறேன். போலீஸ் நிற்கும், கல் பறக்கும், பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். அங்கே என் பேனா உரசுகிற சத்தம் எனக்கே கேட்டது.

குப்பம்மாள் கடைசியில் வந்தாள். குத்திய சீட்டை நான் நீட்டிய உறைக்குள் தானே போட்டாள். ஓரத்தில் பசை சரியாக ஒட்டியிருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்த்தாள். பிறகு களத்துக்குப் போய் உட்கார்ந்து தன் பானையைத் திறந்தாள்; அதன் பிறகுதான் மற்றவர்கள் தங்கள் பானையைத் திறந்தார்கள். எனக்கும் ஒரு குவளை வந்தது. நான் வாக்காளர் இல்லையே என்று தயங்கினேன். கூழ் கொண்டுவந்த பெண் குவளையை என் கையில் வைத்துவிட்டுச் சொன்னாள்.

"பசிக்கு லிஸ்ட்டு இல்ல சார், குடிங்க."

கட்சி மாறியவர்கள்

மத்தியானம் எண்ணினோம். முறம் ஐம்பத்தெட்டு. கூடை ஐம்பத்தெட்டு. செல்லாத சீட்டு ஒன்றுகூட இல்லை. மேஜைமேல் அந்த உறை மட்டும் கிடந்தது. அதற்குள் இருப்பதுதான் இனி முடிவு.

அப்போது நடந்ததை நீங்கள் நம்ப வேண்டும். வீடு தருவதாகச் சொன்னது மேனேஜருக்கு நினைவு வந்து, அவள் முறத்துக்குத்தான் போட்டிருப்பாள் என்று பட்டிருக்கும்போல. குப்பம்மாள் கையால் வேலை செய்கிறவள், அவள் தொழிலாளிதான், உறையைப் பிரியுங்கள் என்றார். துரைசாமிக்கும் அதே வீடுதான் நினைவுக்கு வந்தது. ஆட்களுக்கு வேலை சொல்கிறவள் மேற்பார்வையாளர்தானே, பிரிக்கவே கூடாது என்றார். இரண்டு மாதமாக இருவரும் எழுதிக் கொடுத்த மனுக்கள் என் பையில் இருந்தன. அவற்றை அப்படியே கைமாற்றி இருவரிடமும் கொடுத்திருக்கலாம், எல்லாம் பொருந்தியிருக்கும்.

அதிகாரி இருவரையும் உட்காரச் சொல்லிவிட்டு அங்கேயே உத்தரவை எழுதினார். 'குப்பம்மாள், தொழிலாளி. வாக்கு உண்டு.' எல்லோருக்கும் கேட்கும்படி படித்தார். விடுகதைக்கு விடை அதுதான். குப்பம்மாள் எழுந்து வந்து, அந்தக் காகிதத்தில் தன் பெயர் எது என்று தேடி விரலை வைத்தாள். அதிகாரி உறையைக் கையில் எடுத்தார். அவள் மறுகையை உறைமேல் வைத்து, பிரிக்க வேண்டாம் என்றாள்.

ஏன் என்று கேட்டார். நூற்றுப் பதினாறு பேர் யாருக்குப் போட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது. இதைப் பிரித்தால் தான் யாருக்குப் போட்டோம் என்பது மட்டும் மலை முழுக்கத் தெரிந்துவிடும் என்றாள். அவள் சொன்ன பிறகுதான் எங்களுக்கு அது உறைத்தது. ரகசிய வாக்கெடுப்பு நடத்தவென்றே மலையேறி வந்த எங்கள் இருவருக்கும் அது தோன்றவே இல்லை. உறையை வாங்கிக்கொண்டு போய், களத்து மூலையில் கூழ் சூடுபண்ணிய அடுப்பில் இன்னும் இருந்த தணலில் போட்டாள். இரண்டு மாதம் அவள் நடந்து வந்து கேட்ட வாக்கு ஒரு நிமிஷம் எரிந்தது. தணலைக் குச்சியால் தள்ளிவிட்டுச் சொன்னாள்.

"அல்லாரு ஓட்டும் இருட்டுல கீது. எனக்கு மட்டும் இன்னாத்துக்கு சார் வெளக்கு?"

பொட்டலம்

இரண்டும் சமம். திருவுளச் சீட்டு எடுப்பதென்று இரு தரப்பும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். மலையில் அதற்கு ஒரு வழக்கம் இருந்தது. இரண்டு மந்தாரை இலைகளைப் பொட்டலமாக மடித்துத் தரையில் வைத்து, ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். அதிகாரி ஒரு காகிதத்தில் முறமும் இன்னொன்றில் கூடையும் வரைந்தார். நான் ஒரே அளவாக மடித்துக் கொடுத்தேன். சடையன் இலையில் கட்டி வைத்தார்.

எந்தக் குழந்தை என்பதில்தான் நின்றுபோனது. களத்தில் இருபது குழந்தைகளாவது ஓடிக்கொண்டிருந்தன. ஒரு பையனைச் சொன்னால் அவன் அப்பா முறம் என்றார்கள். ஒரு பெண்ணைச் சொன்னால் அவள் அத்தை கூடை என்றார்கள். துரைசாமி போளூரிலிருந்து ஒரு குழந்தையை அழைத்துவரலாமா என்றுகூடக் கேட்டார். அப்போது அடுப்பண்டையிலிருந்து குப்பம்மாள் பேசினாள்.

"ஓட்டு இல்லாத வூட்டுக் கொழந்தைய இட்டுகினு வாங்க. அப்பிடி இங்க ஒரே வூடுதான கீது."

எல்லோரும் மேனேஜரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் வேண்டாம் என்றார். தன் மகள் எடுத்து முறம் வந்துவிட்டால் தன்னை என்ன சொல்வார்கள் என்று அதிகாரியிடம் கெஞ்சினார். துரைசாமி மறுக்க வாயெடுத்தார். களத்தில் இருந்த முகங்களைப் பார்த்துவிட்டுக் குடையை ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டார். நூற்றுப் பதினேழு பேரில் ஒருவர்கூட அந்தக் குழந்தை வேண்டாம் என்று சொல்லவில்லை. மேனேஜரின் சங்கத்தை எதிர்த்து வாக்களித்த ஐம்பத்தெட்டு பேரும் அதில் அடக்கம். அது யாருக்கும் வாக்குப் போடாத வீடு, அதனால் யாருக்கும் சொந்தமில்லாத கை. அவர்களுக்கு அவ்வளவு போதுமாக இருந்தது.

மேனேஜரே போய் மகளை மூட்டைமேலிருந்து இறக்கிக் கூட்டிவந்தார். அவளிடம் ஒன்றும் சொல்லாமல் தள்ளிப் போய் நின்றார். அவள் பொட்டலங்களுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தாள். இரண்டையும் முகர்ந்து பார்த்தாள். இலையைத் தான் வைத்துக்கொள்ளலாமா என்று குப்பம்மாளைக் கேட்டாள். வைத்துக்கொள் என்றாள் குப்பம்மாள்.

மேற்பார்வையாளருக்கு வாக்கு இல்லை என்று இருபது வருடம் எழுதிப் பிழைத்த எனக்கு, அந்த விதியால் ஒரு வீட்டுக்கு இப்படி ஒரு மரியாதையும் கிடைக்கும் என்று யாரும் சொல்லித்தரவில்லை.

மேனேஜரின் மகள் இடப்பக்கப் பொட்டலத்தை எடுத்தாள். அதில் கூடை இருந்தது.